குறைந்த பட்ஜெட்டில் ஒரு சைக்கிள் அணி!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் முதல் வாரம் கேட்கும் கேள்வி, "என்ன கேம் போடலாம்?" என்பதுதான். கார் ரேஸ், கிரிக்கெட், துப்பாக்கிச் சண்டை என்று எல்லோருக்கும் தெரிந்தவை நிறைய உண்டு. இந்த முறை நம் பக்கத்தில் அதிகம் பேசப்படாத ஒரு கேமைப் பார்ப்போம். பெயர் 'புரோ சைக்ளிங் மேனேஜர்'. பிரான்ஸைச் சேர்ந்த சயனைட் நிறுவனம் 2001ல் 'சைக்ளிங் மேனேஜர்' என்ற பெயரில் முதல் கேமை வெளியிட்டது. 2005லிருந்து இப்போதைய பெயர். டூர் டி பிரான்ஸ் பந்தயம் தொடங்கும் முன் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருவது வழக்கம்.

இதில் நீங்கள் சைக்கிள் மிதிக்கப் போவதில்லை. ஒரு தொழில்முறை அணியின் மேலாளர் நீங்கள். வீரர்களை ஒப்பந்தம் செய்வது, சம்பளம் கொடுப்பது, எந்தப் பந்தயத்துக்கு யாரை அனுப்புவது, பந்தயத்தின்போது யார் முன்னால் போவது, யார் பின்னால் பதுங்குவது என்று எல்லாம் உங்கள் மவுஸ் நுனியில். பணக்கார அணியை எடுத்து ஜெயிப்பது பெரிய காரியம் இல்லை. கையில் காசு இல்லாத சின்ன அணியை எடுத்து மூன்று, நான்கு வருடம் கலைந்துபோகாமல் நடத்துவதில்தான் சுவாரசியம். நான் முதல் முறை அதில் தோற்றேன். எங்கே தவறினேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாங்கும் முன்...

இந்த கேம் ஸ்டீம் தளத்தில் ரூபாய் விலையிலேயே கிடைக்கிறது. புதிய பதிப்புதான் வேண்டும் என்று அவசியம் இல்லை. ஓரிரு வருடம் பழைய பதிப்பு தள்ளுபடி நாட்களில் நல்ல குறைவாகக் கிடைக்கும். கற்றுக்கொள்ள அது போதும்.

உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்று முதலில் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு எழுத்துகளையும் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். வரும் விண்டோவில் பிராசஸர், ரேம் விவரங்கள் தெரியும். 'டிஸ்ப்ளே' டேபில் கிராபிக்ஸ் விவரம் இருக்கும். இவற்றை ஸ்டீம் பக்கத்தின் அடியில் உள்ள 'சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்' பட்டியலோடு ஒப்பிடுங்கள். வாங்கிய பிறகும் பயம் வேண்டாம். வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எனவே முதல் நாளே ஒரு பந்தயத்தை முப்பரிமாணக் காட்சியில் ஓடவிட்டுப் பாருங்கள். படம் திக்கித் திக்கி ஓடினால் கிராபிக்ஸ் செட்டிங்கைக் குறையுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

'கிராக்' செய்த இலவசப் பதிப்பு மட்டும் வேண்டாம். என் சித்தி சீட்டுப் பணம் எடுத்து மகனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். அவன் மூன்றாம் நாளே எங்கிருந்தோ ஒரு கிராக் ஃபைலை டவுன்லோட் செய்து, ஆன்டி வைரஸை ஆஃப் செய்துவிட்டு ஓடவிட்டான். பிரவுசரைத் திறந்தால் விளம்பரம், மூடினாலும் விளம்பரம். கடைசியில் விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியதாயிற்று. அவன் பிளஸ் டூ நோட்ஸ் அத்தனையும் போனது. இந்தக் கட்டுரையே அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததிலிருந்து வந்ததுதான்.

முதலில் காற்று

கேமை இன்ஸ்டால் செய்து ஒரு பந்தயத்தைத் திறந்தவுடன் புதியவருக்குக் குழப்பம் வரும். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே கூட்டமாகப் போகிறார்கள். யாரும் முந்துவது போலவே இல்லை. இது என்ன பந்தயம்?

இதற்குப் பதில் எங்கள் ஊர்ச் சாலையில் இருக்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பெரிய முதலியார்சாவடி எங்கள் ஊர். பள்ளிக்கூட நாட்களில் நானும் ஒரு நண்பனும் விடுமுறை என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொம்மையார்பாளையம், காலாப்பட்டு, கூனிமேடு வழியாக மரக்காணம் உப்பளம் வரை போவோம். சுமார் 25 கிலோமீட்டர். காலையில் போகும்போது ஒன்றும் தெரியாது. பிற்பகலில் திரும்பும்போதுதான் தென்கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று முகத்தில் அறையும். சைக்கிள் நகராது. அப்போது நண்பன் முன்னால் போவான். நான் அவன் பின்சக்கரத்துக்கு இரண்டு முழம் பின்னால் ஒட்டிக்கொள்வேன். அந்த இடத்தில் மிதிப்பது பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கும். அவன் களைத்தால் நான் முன்னால் போவேன்.

பந்தயம் முழுவதும் இதுதான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் வருகிறவர் சக்தியைச் சேமிக்கிறார். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்ட் ப்ளோக்கன் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தை ஆராய்ந்து 2018ல் முடிவு வெளியிட்டது. தனியாகப் போகிறவர் சந்திக்கும் காற்றுத் தடையில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் இருப்பவருக்கு. அதனால்தான் யாரும் முந்துவதில்லை. பணக்கார அணியின் நட்சத்திர வீரரும் காற்றில் தனியாக நின்றால் களைத்துவிடுவார். உங்கள் மலிவு வீரரும் சரியான ஆளின் பின்னால் ஒளிந்தால் கடைசி ஐந்து கிலோமீட்டர் வரை சக்தியோடு வருவார். சின்ன அணிக்கு இந்த கேமில் உள்ள ஒரே சலுகை இதுதான். சம்பளம் வாங்காமல் வேலை செய்வது இந்தக் காற்று ஒன்றுதான்.

(ஈ.சி.ஆரில் இதை லாரிக்குப் பின்னால் முயல வேண்டாம். நான் ஒருமுறை செய்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

நான் கலைத்த அணி

என் முதல் கேரியரில் இரண்டாம் பிரிவு அணி ஒன்றை எடுத்தேன். கணக்கு எளிதாகப் புரிவதற்காக எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன். ஸ்பான்சர் தருவது மாதம் 1,00,000 யூரோ. உற்சாகத்தில் பெயர்பெற்ற ஒரு ஸ்பிரின்டரை மாதம் 38,000க்கு ஒப்பந்தம் செய்தேன். மீதி வீரர்கள், பயிற்சியாளர்கள், மற்றவர்கள் எல்லாம் சேர்த்து 58,000. மாதம் 4,000 மிச்சம். ஸ்கிரீனில் பச்சை நிறத்தில் எண் தெரிந்ததால் நல்ல நிர்வாகி என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

மார்ச் மாதம் ஸ்பிரின்டர் கீழே விழுந்தார். காலர் எலும்பு முறிவு, பல வாரம் ஓய்வு. சம்பளம் மட்டும் நிற்கவில்லை. அதைவிடப் பெரிய தவறு வேறு. சீசன் தொடக்கத்தில் ஸ்பான்சர் தந்த இலக்குகளை நான் படிக்கவே இல்லை. அவர்கள் கேட்டவற்றில் முக்கால்வாசி மேடு பள்ளமான ஒருநாள் பந்தயங்கள். சமதரையில் மட்டும் வேகமாக ஓடும் ஸ்பிரின்டர் நல்ல உடல்நிலையில் இருந்திருந்தாலும் அங்கே பயன்பட்டிருக்க மாட்டார். இலக்கு ஒவ்வொன்றாகத் தவற, ஸ்பான்சர் நம்பிக்கையைக் காட்டும் கோடு இறங்கிக்கொண்டே போனது. சீசன் முடிவில் அவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என் கேரியர் அதோடு முடிந்தது.

இது கேமுக்காகச் செய்த மிகைப்படுத்தல் என்று நினைக்காதீர்கள். சைக்கிள் பந்தயம் சாலையில் நடக்கிறது. டிக்கெட் வசூல் கிடையாது. அணிகளின் வருமானம் பெரும்பாலும் ஸ்பான்சர் பணம்தான். 2022 டிசம்பரில் பிரான்ஸின் 'பி அண்ட் பி ஹோட்டல்ஸ் - கே.டி.எம்.' அணி புதிய ஸ்பான்சர் கிடைக்காமல் அப்படியே கலைந்தது. வருடத்தின் கடைசி மாதத்தில் வீரர்களும் ஊழியர்களும் வேறு வேலை தேட வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் படித்த பிறகு என் ஸ்பிரின்டர் கணக்கை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

எக்ஸெலைத் திறங்கள்

இரண்டாம் கேரியரைத் தொடங்கும் முன் நான் கேமைத் திறக்கவில்லை, எக்ஸெலைத் திறந்தேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைப் பயன்படுத்தலாம். முதல் பத்தியில் வீரர் பெயர். அடுத்து வயது, மாதச் சம்பளம், ஒப்பந்தம் முடியும் வருடம், எந்த இலக்குக்காக அவர் என்பது. சம்பளப் பத்தியின் கீழே உள்ள கட்டத்தில் கர்சரை வைத்து 'ஆட்டோசம்' பட்டனைக் கிளிக் செய்தால் மொத்தம் வந்துவிடும். அதை 12 ஆல் பெருக்கி வருடச் செலவை எழுதுங்கள். எக்ஸெல் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

ஏன் வருடக் கணக்கு? பந்தயங்கள் ஜனவரி பின்பாதியிலிருந்து அக்டோபர் வரைதான். சம்பளமோ பன்னிரண்டு மாதமும் போகும். மரக்காணம் உப்பளத்தில் மழைக்காலம் வந்தால் பாத்தியில் வேலை நிற்கும், அடுப்பு நிற்காது. வெயில் மாதங்களின் கூலியில்தான் ஐப்பசி, கார்த்திகையையும் தள்ள வேண்டும். எங்கள் பக்கத்து உப்பளக் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத்தான் ஒரு அணி கலைய வேண்டியிருந்தது.

'எந்த இலக்குக்காக' என்ற பத்தியில் ஒரு வீரருக்கு எதிரே எழுத ஒன்றும் இல்லை என்றால் அவரை எடுக்காதீர்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. இரண்டாவதாக, எந்த ஒருவரின் சம்பளமும் மொத்த வரவில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். இது கேமின் விதி இல்லை, என் விதி. பத்தில் ஒரு பங்கை யாருக்கும் கொடுக்காமல் வைத்தேன். சீசன் நடுவில் யாராவது காயம்பட்டால் பதில் ஆள் எடுக்க அந்தப் பணம்தான் கை கொடுத்தது.

யாரை எடுப்பது?

ஒவ்வொரு வீரருக்கும் சமதரை, மலை, சிறு மேடு, ஸ்பிரின்ட், டைம் டிரையல், கற்சாலை, தாக்குப்பிடித்தல் என்று பல திறமைகள் எண்ணில் இருக்கும். பெரும்பாலும் 50க்கும் 85க்கும் இடையில். புதியவர்கள் செய்யும் தவறு, மொத்த சராசரியைப் பார்த்து வாங்குவது. சராசரி அதிகமானால் சம்பளமும் அதிகம். ஆனால் பந்தயம் சராசரியில் நடப்பதில்லை. சிறு மேட்டில் 75ம் மற்றதில் எல்லாம் 62ம் உள்ள ஒருவர் பட்டியலில் எங்கோ கீழே இருப்பார், மலிவாகவும் கிடைப்பார். மேடு பள்ளமான பந்தயத்தில் 70, 70 என்று எல்லாவற்றிலும் சுமாரான விலை உயர்ந்த ஆளைவிட இவர் முன்னால் வருவார்.

எனக்குப் பலன் கொடுத்தவர்கள் மூன்று வகை. வயது 33ஐத் தாண்டி, பெரிய அணிகள் கைவிட்ட அனுபவசாலி ஒருவர். இரண்டு, மூன்று இருபது வயதுப் பையன்கள். இவர்களுடைய இன்றைய எண்ணைவிட 'பொட்டென்ஷியல்' முக்கியம், இரண்டு வருடத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம் போடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வளர்த்த பையனைப் பணக்கார அணி கொத்திக்கொண்டு போகும். மீதி எல்லாம் பிரேக்அவே ஆட்கள், அதாவது கூட்டத்திலிருந்து தப்பி ஓடுபவர்கள்.

சம்பளப் பேச்சில் அவசரம் வேண்டாம். அவர் கேட்டதில் பாதி என்று தொடங்கினால் பேச்சு முறிந்துவிடும். பத்து சதவீதம் குறைத்துக் கேட்டுப் பாருங்கள். சந்தையில் புடவைக்குப் பேரம் பேசுவது போல நான் ஒருமுறை பேசி, நல்ல மலையேறி ஒருவரை இழந்தேன்.

எந்தப் பந்தயம்?

காலண்டரில் பந்தயப் பெயருக்குப் பக்கத்தில் 1.1, 2.2 என்று எண்கள் தெரியும். முதல் எண் 1 என்றால் ஒருநாள் பந்தயம், 2 என்றால் பல நாள். இரண்டாம் எண் தரம். 1 என்பது 2ஐவிட உயர்ந்தது. நம் நாட்டில் 2026 ஜனவரியில் நடந்த புனே கிராண்ட் டூர் 2.2 வகை. எல்லாவற்றுக்கும் மேலே வேர்ல்டு டூர்.

சின்ன அணிக்கு டூர் டி பிரான்ஸ் ஆசை வருவது இயல்பு. அழைப்பு கிடைத்தால் பெருமைதான். ஆனால் அங்கே மூன்று வாரம் எட்டுப் பேரைக் களைக்கவிட்டு வெறும் கையோடு திரும்பினால், அடுத்து வரும் சிறு பந்தயங்களும் போகும். உண்மையான அணிகளே இந்தக் கணக்கைப் போட்டிருக்கின்றன. 2020 முதல் 2022 வரையிலான மூன்று வருடப் புள்ளிகளின்படி மேல் பிரிவு இடங்கள் முடிவாயின. தரமிறங்கும் பயத்தில் இருந்த அணிகள் தங்கள் நல்ல வீரர்களை யாரும் அதிகம் பார்க்காத ஒருநாள் பந்தயங்களுக்கு அனுப்பின. புள்ளிகள் அங்கே சுலபம். அப்படியும் லோட்டோ சூடாலும், இஸ்ரேல் - பிரீமியர் டெக்கும் இறங்க வேண்டியதாயிற்று. ஆர்க்கேயா, ஆல்பெசின் இரண்டும் மேலே ஏறின. ஏறிய ஆர்க்கேயாவும் ஸ்பான்சர்கள் விலகியதால் 2025 முடிவில் கலைந்தது என்பது வேறு கதை.

ஸ்பான்சர் பட்டியலில் உள்ள பந்தயங்களை எக்ஸெலில் மஞ்சள் நிறமாக்குங்கள். அவற்றை மட்டும் 3டியில் நீங்களே நடத்துங்கள். மற்றவற்றை 'சிமுலேட்' செய்து முடிவை மட்டும் பார்க்கலாம். ஒரு கட்டத்தை 3டியில் வேகத்தைக் கூட்டி ஓட்டினாலும் நேரம் பிடிக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் இதுதான் சரி.

தப்பி ஓடுவது எப்படி?

பந்தயம் தொடங்கிய முதல் கிலோமீட்டர்களில் சிலர் கூட்டத்தை விட்டு முன்னால் பாய்வார்கள். பெரும்பாலும் கூட்டம் அவர்களைக் கடைசியில் விழுங்கிவிடும். பின் எதற்கு? ஒன்று, டிவியில் ஸ்பான்சர் பெயர் மணிக்கணக்கில் தெரியும். இரண்டு, சில நாட்களில் கூட்டம் கணக்குத் தவறும்.

2010 முடிவில் ஜான் ரெனே பெர்னோதோவின் பிரெஞ்சு அணிக்குப் பழைய ஸ்பான்சர் விலகி, கடைசி நேரத்தில் யூரோப்கார் கிடைத்தது. 2011ல் இரண்டாம் பிரிவு அணியாக, அழைப்பின் பேரில் டூர் டி பிரான்ஸுக்கு வந்தார்கள். ஒன்பதாம் கட்டத்தில் தப்பி ஓடிய தோமா வோக்லேர் மஞ்சள் சட்டையைப் பிடித்தார். பத்து நாள் விடவில்லை. இறுதியில் நான்காம் இடம். அவர் சட்டையை இழந்த அன்று ஆல்ப் தூயேஸ் மலையில் ஜெயித்தவர் அதே அணியின் பியர் ரோலான். அதே அணி டோட்டல் எனர்ஜீஸ் என்ற பெயரில் 2024ல் ட்ருவா நகரில் முடிந்த கட்டத்தை அந்தோணி துர்ஜிஸ் மூலம் வென்றது. அதுவும் தப்பி ஓடியே. 2025ல் தூலூஸில் வென்ற யோனாஸ் ஆப்ரஹாம்சனின் ஊனோ எக்ஸ் அணியும் அப்போது இரண்டாம் பிரிவுதான்.

கேமில் இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியது, யாரை அனுப்புகிறீர்கள் என்பது. மொத்தப் பட்டியலில் முன்னால் இருப்பவரை அனுப்பினால் கூட்டம் விடாது, துரத்தும். பல நிமிடம் பின்தங்கியவரை அனுப்பினால் 'போகட்டும்' என்று விட்டுவிடும். எனவே பல நாள் பந்தயத்தில் உங்கள் பிரேக்அவே ஆளை முதல் நாட்களில் வேண்டுமென்றே பின்தங்க விடுங்கள். தோற்பதற்குச் சம்பளமா என்று சித்தி மகன் கேட்டான். அந்த ஐந்து நிமிடப் பின்னடைவுதான் அவருக்கு நாம் வாங்கித்தரும் டிக்கெட்.

தப்பிய குழுவில் சேர்ந்ததும் உங்கள் வீரரின் முறை வரும்போது முன்னால் நிற்கும் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அடியோடு நிறுத்தினால் குழுவே தளர்ந்து கூட்டம் பிடித்துவிடும். சக்திப் பட்டையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கடைசி ஏற்றத்துக்கு முன் பாதிக்கும் கீழே போனால் அன்று முடிந்தது.

பக்கவாட்டுக் காற்று வீசும் கடற்கரைப் பந்தயங்கள் தனி ரகம். நேர் பின்னால் ஒளிந்தால் பலன் இல்லை. காற்று வராத பக்கம் சாய்வாக நிற்க வேண்டும். சாலையின் அகலத்துக்கு ஏற்ற ஆட்களுக்குத்தான் அந்த நிழல். மீதிப்பேர் ஓரத்தில் வரிசையாகத் தொங்கி, ஒருவர் விட்டால் பின்னால் உள்ள அத்தனை பேரும் துண்டாவார்கள். எனவே காற்று வீசும் பகுதி வருவதற்குப் பத்து கிலோமீட்டர் முன்பே உங்கள் ஆட்களை முன்வரிசைக்குக் கொண்டு வாருங்கள். இதற்குப் பணம் தேவையில்லை, வரைபடத்தைப் பார்க்கும் பொறுமை போதும். என் அணியின் முதல் வெற்றி இப்படித்தான் வந்தது.

ஒவ்வொரு முக்கிய பந்தயத்துக்கு முன்னும் புதுப் பெயரில் சேவ் செய்யுங்கள். ஒரே பெயரில் மேலே மேலே சேவ் செய்தால், அந்த நேரம் பார்த்து கரண்ட் போய் ஃபைல் கெட்டால் பல வாரத்து உழைப்பு போய்விடும். எங்கள் ஊரில் காற்று பலமாக அடித்தாலே கரண்ட் போகும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு யு.பி.எஸ். அவசியம்.

என் இரண்டாம் அணி இப்போது நான்காவது சீசனில் இருக்கிறது. ஸ்பான்சர் மாறவில்லை. டூர் அழைப்பு இன்னும் வரவில்லை. அந்த அனுபவசாலிக்கு 36 வயதாகிவிட்டது, மலை எண் மூன்று குறைந்திருக்கிறது, ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. பையன்கள் இருவருக்கும் சம்பளம் ஏற்றிய பிறகு ஷீட்டில் மிச்சம் 6,500. அவர் கேட்பது 9,000. "அண்ணா, அவர விட்டுடாதீங்க. ஜெயிச்சதெல்லாம் அவரு பின்னால ஒளிஞ்சுதான?" என்கிறான் சித்தி மகன். அவசரத்துக்கு வைத்த பத்தில் ஒரு பங்கில் கை வைத்தால் முடியும். தொடக்கூடாது என்று நான் வைத்த பணம் அது. 7,500க்கு ஒரு வருடம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரும் முன் 'அவருக்கு முன்' என்ற பெயரில் ஒரு சேவ் போட்டு வைத்தேன்.